பிளாஸ்மா ஆக்சுவேட்டர் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பிளாஸ்மா ஆக்சுவேட்டர் என்பது ஹை வோல்டேஜால் காற்றைப் பிளாஸ்மாவாக்கி, அதை மேற்பரப்பை ஒட்டித் தள்ளும் கருவி; இறக்கையில் பதித்து ஓட்டம் பிரியாமல் பிடிக்கப் பார்ப்பார்கள். அதில் டிபிடி வகையை, அதாவது நடுவே மின்காப்பை வைத்து மின்வெளியேற்றம் உண்டாக்கும் வகையை, செய்வது சுலபம். ஒரு மின்காப்புத் தகடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு செப்பு டேப், ஒரு ஹை வோல்டேஜ் மின்மூலம், அவ்வளவுதான். அதிலிருந்து உருப்படியாகக் காற்று வர வைப்பதுதான் பாடு. சரியாக ஓடவில்லை என்றதும் எல்லோருடைய கையும் மின்னழுத்தத் திருகைத்தான் தேடிப் போகிறது. என் அனுபவத்தில் பத்தில் எட்டுக் கோளாறு டேப்புக்கு அடியில் சிக்கிய காற்றிலோ, வெட்டிய விளிம்பிலோ, பின்பக்க மூடலிலோதான் இருக்கும். மின்னழுத்தத்தைக் கடைசியில் தொடுங்கள்.

இந்தக் குறிப்பு முழுவதற்கும் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். 3 மி.மீ. அக்ரிலிக் தகடு, மேலே 5 மி.மீ. அகலச் செப்பு டேப், அதுதான் திறந்த எலக்ட்ரோடு. கீழே 15 மி.மீ. அகல டேப், அது மூடிய எலக்ட்ரோடு. மேல் டேப்பின் விளிம்பு முடியும் இடத்தில் கீழ் டேப் தொடங்குகிறது. நீளம் 200 மி.மீ. மேல் டேப்புக்கு ஹை வோல்டேஜ், கீழ் டேப்புக்கு எர்த். 10 கிலோவோல்ட் உச்சம், 5 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் மேல் டேப்பின் ஒரு விளிம்பிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு பட்டை கிளம்பி, மூடிய எலக்ட்ரோடு இருக்கும் பக்கமாகப் படர்ந்து கிடக்கும். காற்றும் அந்தத் திசையிலேயே, தகட்டை ஒட்டியே ஓடும். நொடிக்குச் சில மீட்டர் வேகம் வரும். நன்றாகச் சீர்செய்த ஒற்றை ஆக்சுவேட்டர்கள் 7, 8 மீட்டர் வரை எட்டியிருக்கின்றன.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை. இந்த மின்னழுத்தத்தில் சில பத்து மில்லி ஆம்பியர் ஆளைக் கொல்லப் போதும். மூலத்தை அணைத்து, எர்த் கம்பி கட்டிய குச்சியால் திறந்த எலக்ட்ரோடைத் தொட்டு மின்னேற்றத்தை இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அடுத்தது ஓசோன். எட்டு மணி நேர வேலைக்குச் சொல்லப்படும் வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு, மூக்கு அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிப்போய்ச் சும்மா இருந்துவிடும், அதனால் வாசனை போய்விட்டது என்று நம்ப வேண்டாம். வெளியேற்றும் மின்விசிறி ஓடட்டும்.

ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை

ஆக்சுவேட்டரைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு மூலத்தை மட்டும் பாருங்கள். ஹை வோல்டேஜ் புரோபை (அளவுமுனையை) மாட்டினால் மின்னழுத்தம் வருகிறதா? வந்து, ஆக்சுவேட்டரைச் சேர்த்ததும் விழுந்துவிடுகிறது என்றால் சுமை அதிகம் என்று அர்த்தம். அந்தச் சுமை பெரும்பாலும் ஆக்சுவேட்டர் அல்ல, வயர்.

கணக்கைப் பாருங்கள். நம் ஆக்சுவேட்டரின் மின்தேக்கம், பிளாஸ்மா முழுதாகப் படர்ந்த நிலையிலும் 20 பிகோஃபாரட்டைச் சுற்றித்தான் இருக்கும். 10 கிலோவோல்ட், 5 கிலோஹெர்ட்ஸில் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 6 மில்லி ஆம்பியர் உச்சம். பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளில் (நடுவில் கம்பி, சுற்றிலும் எர்த் வலை) இணைத்தால் அது மட்டும் 100 பிகோஃபாரட் சேர்க்கும். மொத்தம் 38 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். 20 மில்லி ஆம்பியர் தரும் பெருக்கி அங்கேயே படுத்துவிடும். எனவே ஹை வோல்டேஜ் பக்கத்துக்குத் தடித்த சிலிக்கான் உறை போட்ட ஒற்றை வயர், குட்டையாக, எந்த உலோகத்தையும் ஒட்டாமல் காற்றில் தொங்கட்டும்.

ஆடியோ பெருக்கியும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரும் வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டிரான்ஸ்பார்மரின் தூண்டலும் ஆக்சுவேட்டரின் மின்தேக்கமும் சேர்ந்து ஒத்ததிர்வு அடையும் அதிர்வெண்ணில்தான் முழு மின்னழுத்தம் கிடைக்கும். அந்த அதிர்வெண் ஆக்சுவேட்டரை மாற்றினால் நகரும். வயரின் நீளத்தை மாற்றினால் நகரும். புரோபின் 3 பிகோஃபாரட் சேர்ந்தாலே கொஞ்சம் நகரும். பிளாஸ்மா பற்றிய பிறகு மின்தேக்கம் கூடுவதால் மறுபடியும் கீழே இறங்கும். ஆகவே குறைந்த மின்னழுத்தத்தில் அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்தி உச்சத்தைப் பிடித்து, பிளாஸ்மா பற்றியதும் திரும்பச் சரிசெய்யுங்கள். "நேற்று 6.2 கிலோஹெர்ட்ஸில் நன்றாக ஓடியது" என்று எழுதி வைத்த எண்ணை நம்பி இன்று தொடங்காதீர்கள்.

மூலம் சரி, வயர் சரி, அப்படியும் ஒளி இல்லையா? செப்பு டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகையாக இருக்கலாம். வயரை டேப்புக்கு மேல் வைத்து இன்னொரு துண்டு டேப்பால் ஒட்டியிருந்தால் அந்தத் தொடர்பை நம்ப முடியாது. பற்றவைத்து இணையுங்கள், அதுவும் அக்ரிலிக்கில் ஒட்டுவதற்கு முன்பு; ஒட்டிய பிறகு சூடு காட்டினால் தகடு உருகிவிடும்.

ஒளி வருகிறது, ஆனால் தப்பான இடத்தில்

அறையை இருட்டாக்கி, கைபேசியை ஸ்டாண்டில் வைத்து, பத்து இருபது நொடி எக்ஸ்போஷரில் படம் எடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கப் படத்தை எடுக்கிறவர்கள் குறைவு. ஆனால் கதை பாதி அங்கேதான் இருக்கும்.

பின்பக்கத்தில் கீழ் டேப்பின் விளிம்பைச் சுற்றி ஊதா ஒளி தெரிந்தால், மின்சக்தியின் ஒரு பங்கு அங்கே வீணாகிறது. அதைவிட மோசம், அந்தப் பிளாஸ்மா எதிர்த்திசையில் காற்றைத் தள்ளுகிறது. தராசில் வைத்து அளந்தால் உந்துவிசை குறைந்து தெரியும். கீழ் டேப்பை முழுக்க மூட வேண்டும். எபாக்ஸியோ சிலிக்கானோ ஊற்றலாம். விளிம்பைத் தாண்டி குறைந்தது 10 மி.மீ. வரை மூடல் போக வேண்டும். எபாக்ஸியைக் கலக்கும்போது உள்ளே போகும் குமிழிகளை வெற்றிடத்தில் வைத்து எடுத்துவிட்டு ஊற்றுங்கள். வெற்றிடப் பம்ப் இல்லையென்றால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வொன்றையும் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் குமிழிகள் மேலே வந்து உடையும்.

முன்பக்கத்திலேயே மேல் டேப்பின் இரு விளிம்பிலும் ஒளி தெரிந்தால் காற்று இரண்டு பக்கமும் ஓடும், ஒன்றையொன்று தின்றுவிடும். கீழ் டேப் மேல் டேப்புக்கு அடியில் அதிகமாக நுழைந்திருக்கிறது. சில பத்தில் ஒரு மி.மீ. நுழைந்தால் பரவாயில்லை, மொத்தமாக நுழைந்திருந்தால் கழற்றி ஒட்டுங்கள். அவசரத்துக்கு, வேண்டாத விளிம்பின் மேல் காப்டன் டேப் (சூடு தாங்கும் பாலிமர் மின்காப்பு டேப்) ஒட்டி மூடினால் அது அடங்கும்.

நான்கு மூலைகளில் மட்டும் பிரகாசமாக எரிந்தால் மூலைகள் கூர்மையாக இருக்கின்றன. உருண்டையாக வெட்டுங்கள். கீழ் டேப்பை மேல் டேப்பைவிட இரு முனையிலும் 5 மி.மீ. குட்டையாக வைத்தால் முனைகளில் மின்புலம் தணியும்.

பட்டை சீராக இல்லை: பொட்டுப் பொட்டாக, இழை இழையாக எரிகிறது

ஆக்சுவேட்டரின் தரம் இங்கேதான் முடிவாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கண்ணுக்குச் சீரான பட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது நானோநொடிக் கணக்கில் வந்துபோகும் ஆயிரக்கணக்கான சிறு வெளியேற்றங்கள். ஏசி சுழற்சியின் இரு பாதியும் ஒன்றுபோல இருக்காது. திறந்த எலக்ட்ரோடு எதிர்முனையாகப் போகும் பாதியில் வெளியேற்றம் பரவலாக, மென்மையாக இருக்கும். நேர்முனையாகும் பாதியில் கிளைவிட்ட இழைகளாகப் பாயும். உந்துவிசையில் பெரும்பங்கு அந்த மென்மையான பாதியிலிருந்துதான் வருகிறது. இழைகள் மின்சக்தியை விழுங்கிச் சூடாக மாற்றும், காற்றுக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். ஒரே இடத்தில் நிலைத்து நின்றுவிட்ட இழை இன்னும் ஆபத்து. சில நிமிடத்தில் அந்த இடத்தில்தான் தகடு ஓட்டையாகும்.

முதலில், இழை நிற்கும் இடம் நகர்கிறதா நகரவில்லையா என்று பாருங்கள். ஒரே மின்னழுத்தத்தில் இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். நகராமல் அதே இடத்தில் நின்றால் அங்கே பொருளில் ஏதோ குறை இருக்கிறது. நகர்ந்துகொண்டே இருந்தால் மின்னழுத்தமே அளவு மீறிவிட்டது. அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

நகராத பொட்டுக்குக் காரணம் மூன்றுதான். முதலாவது டேப்பின் வெட்டு விளிம்பு. கத்தரியால் வெட்டிய செப்பு டேப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் பிசிறு பிசிறாக நிற்கும், ஒவ்வொரு பிசிறும் ஓர் ஊசி. புது பிளேடு, எஃகு அளவுகோல், ஒரே இழுப்பு. மொக்கை பிளேடால் நாலு தடவை அறுத்த விளிம்பு கத்தரியைவிட மோசம். இன்னும் சுலபம், தொழிற்சாலையில் வெட்டி வந்த விளிம்பையே பிளாஸ்மா பக்கமாக வைத்து ஒட்டிவிடுவது. நம் கை வெட்டு பின்விளிம்புக்குப் போகட்டும்.

இரண்டாவது, ஒட்டிய டேப்பின் விளிம்பு லேசாகத் தூக்கியிருப்பது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தித் தேயுங்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும் அடியில் சிக்கிய காற்றுக்குமிழி. அக்ரிலிக்கின் மின்காப்பு மாறிலி (காற்றோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு மின்னேற்றம் சேரும் என்ற எண்) சுமார் 3. அதற்குள் ஒரு மெல்லிய காற்று அடுக்கு மாட்டிக்கொண்டால் அந்தக் காற்றில் மின்புலம் சுற்றியுள்ள தகட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறும். தகடு தாங்கும், காற்று தாங்காது. குமிழி உள்ளேயே பொரிய ஆரம்பிக்கும். தகடு ஒளி புகக்கூடியது என்பதால் அக்ரிலிக்கில் ஒரு வசதி உண்டு: கீழ் டேப்பை ஒட்டியதும் திருப்பி, மேலிருந்து தகட்டுக்குள்ளே பாருங்கள். ஒட்டிய இடம் அடர்ந்த செம்பு நிறத்தில், குமிழி இருக்கும் இடம் வெளிறி, வெள்ளி போல மினுக்கும். அரிசியளவு குமிழியே போதும், அந்த இடத்தில் நாளைக்கு ஒரு பொட்டு எரியும். ஊசியால் டேப்பைக் குத்தி வெளியேற்றலாம் என்று தோன்றும். வேண்டாம், ஊசித்துளையின் உதடு இன்னொரு பிசிறாகிவிடும். டேப்பை உரித்து எடுத்து, பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது டேப் ஒட்டுங்கள். காயவிடுவதைச் சும்மா சொல்லவில்லை. ஆல்கஹால் ஈரத்தோடு பிளாஸ்மாவை ஏற்றினால் தீப்பிடிக்கும்.

காப்டன் டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டி மின்காப்பாகப் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு அடுக்கிலும் இதே போராட்டத்தை நடத்த வேண்டும். எனக்கு அந்த முறை பிடிக்காது. ஒரு நாள் சோதனைக்கு ஓகே, ஒப்பிட்டுப் பேச வேண்டிய அளவீட்டுக்கு ஆகாது.

வெட்டு விளிம்போடு மல்லுக்கட்டி அலுத்துப் போனால், திறந்த எலக்ட்ரோடாக டேப்புக்குப் பதில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிப் பாருங்கள். பத்தில் ஒரு மி.மீ. விட்டமுள்ள டங்ஸ்டன் கம்பி போதும். கம்பி மெலிய மெலிய இழைகள் அடங்கி, அதே மின்சக்திக்கு உந்துவிசை கூடுவது பல ஆய்வகங்களில் பார்த்த விஷயம். கம்பி தகட்டை முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

மின்னழுத்தத்தை ஏற்றினாலும் காற்று வேகம் ஏறவில்லை

அமெரிக்க விமானப்படை அகாடமியில் என்லோ குழு 2004-இல் வெளியிட்ட அளவீடுகளில் இருந்து ஒரு விதி நிலைத்துவிட்டது: உந்துவிசையும் செலவாகும் மின்சக்தியும் மின்னழுத்தத்தின் மூன்றரை அடுக்காக ஏறும். அதாவது மின்னழுத்தத்தை 20 சதவீதம் கூட்டினால் உந்துவிசை ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். உங்கள் அளவீட்டை இரண்டு அச்சும் மடக்கையாக வைத்து வரைந்து பாருங்கள். 3.5 சாய்வில் ஏறிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் மடங்கிச் சாய்ந்தால், அதுதான் தெவிட்டும் புள்ளி. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் இழைகளுக்குத்தான் போகிறது.

தெவிட்டலைத் தள்ளிப்போட என்ன செய்யலாம்? கையில் இருக்கும் ஆக்சுவேட்டரிலேயே முதலில் அதிர்வெண்ணைக் குறையுங்கள். 5-இலிருந்து 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அதே மின்னழுத்தத்தில் உந்துவிசை குறையும், ஆனால் இழைகள் தோன்றும் மின்னழுத்தம் மேலே போகும். மூலத்தில் மின்னழுத்தத்தை இன்னும் ஏற்ற இடம் இருந்தால் கடைசியில் எட்டும் அளவு கூடுதலாகவே வரும். ஒளிப்பட்டை மூடிய எலக்ட்ரோடின் கடைசி வரை போய் அங்கே வெட்டுப்பட்டது போல நின்றால் மூடிய எலக்ட்ரோடு குறுகல். பிளாஸ்மா படர இடமில்லை. அகலத்தைக் கூட்டுங்கள்.

அடிப்படைத் தீர்வு வேறு: தகட்டைத் தடிமனாக்குவது, மின்காப்பு மாறிலி குறைந்த பொருளுக்குப் போவது. 2009-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தாமஸ், கார்க் குழுவினர் காட்டியது இதைத்தான். மெல்லிய காப்டன் அடுக்குகள் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தெவிட்டும், சில மி.மீ. தடிமனுள்ள டெஃப்லான் தாமதமாகப் பற்றும், ஆனால் அதில் எட்டக்கூடிய உந்துவிசை பல மடங்கு. டெஃப்லானின் மாறிலி 2.1, சூடாகி வீணாவதும் குறைவு. ஒரே தொல்லை, அதில் எந்தப் பசையும் ஒட்டாது. ஒட்டும் பக்கம் ரசாயனத்தால் அரித்துப் பதப்படுத்திய தகடு என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினா போன்ற பீங்கான் நீண்ட நாள் தாங்கும், ஆனால் மாறிலி 9-க்கு மேல். அதே தடிமனில் மின்னோட்டம் அதிகம் இழுக்கும், இழைகள் சீக்கிரம் வரும். பிசிபி (அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) செய்யும் எஃப்.ஆர்.4 என்ற எபாக்ஸி-கண்ணாடி இழைத் தகட்டில் எலக்ட்ரோடை அரித்து எடுத்தால் விளிம்பு அழகாக வரும். ஆனால் மேலிருக்கும் எபாக்ஸியைப் பிளாஸ்மா தின்று, உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

தகடு பொத்தலாகிவிட்டது

ஒரு சொடுக்குச் சத்தம், வெள்ளையாக ஒரு பொறி, மூலம் டிரிப். பொத்தலைச் சுற்றிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ கரி படிந்திருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மேலே டேப் ஒட்டி ஒப்பேற்ற முடியாது. தகட்டை மாற்ற வேண்டியதுதான். தூக்கி எறிவதற்கு முன் பொத்தல் எங்கே என்று பாருங்கள். மூலையில் என்றால் மூலை கூர்மை. வயர் பற்றவைத்த இடம் என்றால் ஈயத் துளியின் முனை. விளிம்பின் நடுவில் என்றால் அங்கே முன்பே ஒரு நிலைத்த இழை இருந்திருக்கும், பழைய படங்களில் தேடினால் கிடைக்கும். பல நிமிடம் ஓடிய பிறகு பொத்தலானது என்றால் சூட்டையும் சந்தேகப்படுங்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே இளகத் தொடங்கிவிடும்.

நேற்று ஓடியது, இன்று பாதிதான்

ஈரப்பதமானியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். தகட்டின் மேல் ஈரப்படலம் படிந்தால், அங்கே சேர வேண்டிய மின்னேற்றம் கசிந்துவிடும். பிளாஸ்மா திட்டுத் திட்டாக எரியும், உந்துவிசை இறங்கும். உலர்ந்த குளிர்நாட்டு ஆய்வகத்தில் எடுத்த வரைகோட்டை ஐப்பசி மழையில் சென்னையில் உட்கார்ந்து அப்படியே எடுக்க முயல்வது வீண். ஒவ்வோர் அளவீட்டோடும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் குறியுங்கள். துடைத்துக் காயவைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் சில நிமிடம் ஓட்டினால் மேற்பரப்பு உலர்ந்து பட்டை சீராகும். அதன் பிறகு அளவெடுங்கள்.

துடைத்தும் மீளவில்லையென்றால் அது தேய்மானம். காப்டனில் இது பளிச்சென்று தெரியும்: ஒளிப்பட்டை படரும் இடத்தில் பளபளப்பு போய், வெளிறி, சொரசொரப்பாகியிருக்கும். ஆக்சிஜன் அணுக்கள் பாலிமரை அரிக்கின்றன. செப்பு விளிம்பும் கறுத்துச் சிறு சிறு பற்களாகியிருக்கும். புதுசு ஒட்டுங்கள். ஒரு தொடர் சோதனையின் நடுவில் மாற்றினால் அதை ஏட்டில் குறிக்க மறக்க வேண்டாம்.

அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

மின்சக்தியை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். மின்னோட்டத்தில் இருக்கும் நானோநொடி முட்களை ஆசிலோஸ்கோப் சில சமயம் பிடிக்கும், சில சமயம் தவறவிடும். சராசரி எடுக்கச் சொன்னால் முட்களையே மழித்துவிடும். அதற்குப் பதில் கீழ் எலக்ட்ரோடுக்கும் எர்த்துக்கும் இடையில் 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். அதன் மேலுள்ள மின்னழுத்தத்தை 10 நானோஃபாரட்டால் பெருக்கினால் மின்னேற்றம். நம் அமைப்பில் 20 வோல்ட் அளவுக்கு வரும், சாதாரணப் புரோபே போதும். இந்த மின்னேற்றத்தை ஓர் அச்சிலும் ஹை வோல்டேஜை மற்ற அச்சிலும் வைத்தால் லிசாஜு வளையம் கிடைக்கும். வளையத்தின் பரப்பு ஒரு சுழற்சிக்கான ஆற்றல். அதிர்வெண்ணால் பெருக்கினால் வாட். கெப்பாசிட்டர் முட்களைத் தானே கூட்டி வைத்துக்கொள்வதால் எதுவும் தவறாது.

இந்த வளையம் மின்சக்தியை மட்டும் சொல்வதில்லை. பிளாஸ்மா பற்றுவதற்கு முன், குறைந்த மின்னழுத்தத்தில், அது ஒற்றைக் கோடாக இருக்க வேண்டும். அப்போதே வாயைத் திறந்து நீள்வட்டமாகத் தெரிந்தால், ஹை வோல்டேஜ் புரோபின் ஈடுசெய்தல் (அலையைச் சிதைக்காமல் காட்ட அதில் செய்யும் திருத்தம்) சரியில்லாமல், இரண்டு அலைகளுக்கும் இடையே கட்டத் தாமதம் விழுகிறது. அல்லது தகடே ஆற்றலைத் தின்கிறது. புரோபைச் சரிசெய்தும் மாறாவிட்டால் தகடுதான். அந்தக் கோட்டின் சாய்வு ஆக்சுவேட்டரின் மின்தேக்கம். ஒட்டிய முதல் நாளே சாய்வைக் குறித்து வைத்தால், பின்னால் டேப் உரிந்ததா, உள்ளே விரிசல் விட்டதா என்பதைக் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். தினமும் காலையில் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான்.

உந்துவிசையைத் தராசில் அளப்பவர்களுக்கு: மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் தரும் ஆக்சுவேட்டர் 200 மி.மீ. நீளத்தில் 4 மில்லிநியூட்டன்தான் கொடுக்கும், தராசில் சுமார் 0.4 கிராம். அந்த அளவுக்கு ஹை வோல்டேஜ் வயரின் விறைப்பும், பக்கத்து உலோகத்தோடு உண்டாகும் நிலைமின் ஈர்ப்பும் போட்டிபோடும். உண்மை எது என்று அறிய ஒரு சோதனை: ஆக்சுவேட்டரைத் தலைகீழாக்கி அதே மின்னழுத்தத்தில் ஓட்டுங்கள். எண் அதே அளவில் குறி மாறினால் அது காற்றின் விசை. குறி மாறாத பங்கு முழுவதும் பொய். தராசை ஆக்சுவேட்டரிலிருந்து தள்ளி, எர்த் செய்த உலோகப் பெட்டிக்குள் வைத்து, நெம்புகோல் வழியாக விசையைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகும்.

வேகத்தைப் பிட்டாட் குழாயால் (காற்றின் அழுத்தத்தை வைத்து வேகம் காட்டும் குழாய்) அளப்பதென்றால் குழாய் கண்ணாடியாக இருக்கட்டும். உலோகத்தைக் கிட்டே கொண்டுபோனால் பொறி பாயும். சூட்டுக்கம்பி அளவியும் அதே காரணத்தால் பிளாஸ்மாவுக்குப் பக்கத்தில் ஆகாது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்துக்கு அழுத்தம் 5 பாஸ்கல் சொச்சம்தான், எனவே நுண் அழுத்தமானி வேண்டும். வேகத்தின் உச்சம் தகட்டிலிருந்து ஒரு மி.மீ.க்குள்ளேயே இருக்கும். 2 மி.மீ. தடித்த குழாயை வைத்துவிட்டு வேகம் வரவில்லை என்று புலம்பக் கூடாது. இணைப்புக் குழாய் ரப்பராக இருந்தால் ஓசோனில் வெடித்துக் கசியும், சிலிக்கானுக்கு மாற்றுங்கள். லேசரும் புகையும் வைத்துப் படமெடுக்கிறவர்கள், எண்ணெய்த் துளிகள் தகட்டில் படிந்து பிளாஸ்மாவையே மாற்றும் என்பதை நினைவில் வைத்து அவ்வப்போது துடைக்க வேண்டும்.

கணினி தொங்குகிறது, யுஎஸ்பி அறுந்து போகிறது

இது பிளாஸ்மா கிளப்பும் மின்னிரைச்சலின் வேலை. எல்லா எர்த்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள், அகலமான செப்புப் பட்டையால். மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டி, யுஎஸ்பி ஐசோலேட்டர் (மின்தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் விடும் கருவி) ஒன்றை நடுவில் போடுங்கள். சிக்னல் ஜெனரேட்டருக்கும் பெருக்கிக்கும் நடுவே ஒளியிழை இணைப்பு கிடைத்தால் தொல்லை அநேகமாகத் தீரும்.

மேசையில் காற்று நன்றாக வருகிறது, இறக்கையில் ஒன்றும் நடக்கவில்லை

முதலில், ஆக்சுவேட்டரை அணைத்து வைத்துவிட்டு, அது ஒட்டாத வெற்று இறக்கையோடு ஒப்பிட்டீர்களா? முன்விளிம்புக்குப் பக்கத்தில் எல்லைப் படலமே (இறக்கையை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் காற்று அடுக்கு) ஒரு மி.மீ.க்கும் மெல்லியதாக இருக்கும். அங்கே டேப்பின் விளிம்பு ஒரு படிக்கட்டு மாதிரி நின்று, பிளாஸ்மா இல்லாமலே ஓட்டத்தைக் கொந்தளிப்பாக்கி, ஸ்டாலை (ஓட்டம் பிரிந்து ஏற்றவிசை விழுவதை) தள்ளிப்போட்டுவிடலாம். அப்புறம் பிளாஸ்மாவை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஒரே ஏற்றவிசைதான் வரும். இறக்கையில் பள்ளம் எடுத்து, ஆக்சுவேட்டரை மேற்பரப்போடு சமமாகப் பதியுங்கள்.

அடுத்தது இடம். ஓட்டம் பிரியும் கோட்டுக்குச் சற்று முன்னால் ஆக்சுவேட்டரின் விளிம்பு இருக்க வேண்டும். பிரிந்த பகுதிக்குள் போய்விட்டால் அது வெறும் காற்றை வீசிக்கொண்டிருக்கும். முதலில் நூல்துண்டுகளையோ எண்ணெய்ப் பூச்சையோ வைத்துப் பிரியும் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள். அதுவும் ஸ்டால் ஆகும் கோணத்தைச் சற்றுத் தாண்டிய தாக்குகோணத்தில் (காற்றுக்கு இறக்கை சாய்ந்து நிற்கும் கோணம்) சோதியுங்கள். ஓட்டம் ஒழுங்காக ஒட்டியிருக்கும் கோணத்தில் பிளாஸ்மாவுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை.

இப்போது வலிமைக் கணக்கு. நாண் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள தூரம்) 20 செ.மீ., காற்று வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் ஓட்டத்தின் இயக்க அழுத்தத்தை நாணால் பெருக்கி வருவது மீட்டருக்கு 12 நியூட்டன். நம் 20 மில்லிநியூட்டன் அதில் 0.17 சதவீதம். வேகத்தை 30 மீட்டராக்கினால் 0.02 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தொடர்ந்து ஓட்டும் முறையில் வேகம் ஏற ஏற ஆக்சுவேட்டர் காணாமல் போவது இதனால்தான், கோளாறு எதுவும் இல்லை.

தொடர்ச்சியாக ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள். பிரிந்த ஓட்டத்துக்குத் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. அதில் தட்டினால் சிறு விசையிலேயே பெரிய சுழல்கள் எழுந்து வெளிக்காற்றை இறக்கையை நோக்கி இழுத்துவரும். தட்டும் அதிர்வெண்ணை நாணால் பெருக்கி, காற்று வேகத்தால் வகுத்தால் 1-ஐ ஒட்டி வர வேண்டும். 10 மீட்டர், 20 செ.மீ.க்கு அது 50 ஹெர்ட்ஸ். 20 மீட்டருக்கு 100. நேரப் பங்கு (ஒரு தட்டலில் பிளாஸ்மா எரியும் நேரத்தின் பங்கு) 10 சதவீதம் என்றால் ஒவ்வொரு 20 மில்லிநொடியிலும் 2 மில்லிநொடி மட்டும் பிளாஸ்மா, அதாவது 5 கிலோஹெர்ட்ஸின் 10 சுழற்சிகள். மின்சக்தியும் பத்தில் ஒன்றாகும், தகடும் குளிர்ந்து கிடக்கும். 1 என்பது தொடங்கும் இடம்தான்; 0.5 முதல் 2 வரை நகர்த்தித் தேடுங்கள். ஒத்ததிர்வில் ஓடும் மின்மூலம் வைத்திருப்பவர்கள் ஆசிலோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: மின்னழுத்தம் முழு உயரத்துக்கு ஏறவே சில சுழற்சிகள் ஆகும். 10 சுழற்சியில் நாலு ஏறுவதிலேயே போனால், திரையில் நீங்கள் போட்ட 10 சதவீதம் இறக்கைக்குப் போய்ச் சேரவில்லை. பங்கைக் கூட்டுங்கள்.

இதற்கும் மேலான வேகங்களுக்கு, காற்றைத் தள்ளுவதை விட்டுவிட்டு நானோநொடித் துடிப்புகளால் காற்றைச் சட்டென்று சூடாக்கும் வகை இருக்கிறது. அது அதிர்ச்சியலை கிளப்பி ஓட்டத்தை உசுப்பும். அதற்கு மூலம், வயர், அளவீடு மூன்றுமே வேறு; இங்கே சொன்ன கணக்குகள் அதற்குப் பொருந்தா.

ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலு ஆக்சுவேட்டர், பலன் ஒன்றுக்குத்தான்

இருட்டில் படம் எடுத்தால் தெரிந்துவிடும். முதல் ஆக்சுவேட்டரின் மூடிய எலக்ட்ரோடுக்கும் அடுத்ததன் திறந்த எலக்ட்ரோடின் பின்விளிம்புக்கும் நடுவே எதிர்த்திசையில் ஒளி படர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே இடைவெளியைக் கூட்டினால் அடங்கும். இடம் இல்லையென்றால் ஒன்று விட்டு ஒன்று இணைப்பை மாற்றிக் கொடுங்கள்: முதலாவதில் மேல் டேப்புக்கு ஹை வோல்டேஜ், இரண்டாவதில் கீழ் டேப்புக்கு ஹை வோல்டேஜ், மேல் டேப் எர்த். அப்போது அடுத்தடுத்து நிற்கும் எலக்ட்ரோடுகள் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் நடுவில் பிளாஸ்மாவுக்கு வேலை இருக்காது. ஆனால் கீழே ஹை வோல்டேஜ் போகும் டேப்புகளின் பின்பக்க மூடல் இரண்டு மடங்கு தடிமனாக இருக்கட்டும், மாடலின் உலோகச் சட்டம் அதற்குக் கிட்டே வரக் கூடாது.